கை ஊன்றாமல் விழுந்தவர்

அத்தியாயம் 14

சின்னதுரை மேடையில் விழுந்து அன்றோடு பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

அந்தப் பதினெட்டு நாளும் அவர் தன் ஊரான வடக்கனந்தலை விட்டு வெளியே போகவில்லை. கரும்பு வெட்டு நடக்கும் தன் சொந்தக் காட்டுக்குக்கூடப் போகவில்லை. தினமும் விடிந்ததும் ஓட்டிப்போகும் மொபெட் மாட்டுக்கொட்டகை ஓரம் நின்றது. அதன் சீட்டில் ஒரு கோழி இடம் பிடித்திருந்தது.

அவமானம்தான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நினைத்ததில் தவறில்லை. கரும்பு விவசாயிகள் கூட்டத்தில், நல்ல மகசூல் எடுத்தவர் என்று அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மாலை போட்டார்கள். கேடயம் கொடுப்பதற்கு முன் உட்காரச் சொன்னார்கள். உட்காரப் போனவர் பிளாஸ்டிக் நாற்காலியோடு சரிந்தார். பின்னால் கட்டியிருந்த பேனர் அவர்மேல் வந்து மூடியது. கூட்டம் சிரித்தது. அவர் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, தானும் சிரித்தார். அடி எதுவும் இல்லை.

அதைச் செல்போனில் பிடித்தவன் அவருடைய மகன் செழியன். அப்பாவுக்குப் பாராட்டு நடக்கிறதே என்று பிடிக்க ஆரம்பித்தது.

கள்ளக்குறிச்சியில் பிளக்ஸ் அடிக்கும் கடை வைத்திருப்பவன் செழியன். மறுநாள் கடையில் உட்கார்ந்து அந்த நாற்பது நொடியைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினான். வேகத்தைக் கூட்டினான். நடுநடுவே, பூ வேலைப்பாடு சுற்றிய கட்டத்துக்குள் எழுத்துப் பலகைகள் வைத்தான். 'விருந்தினர் அமர்கிறார்' என்று ஒன்று. 'நாற்காலிக்குச் சம்மதம் இல்லை' என்று இன்னொன்று. முடித்ததும், தன்னைப் போல் பழைய மௌனப் படங்களின் மேல் பைத்தியமாக இருக்கும் ஒன்பது பேருடைய வாட்ஸ்அப் குழுவில் போட்டான்.

கேலிக்காகச் செய்யவில்லை. அவன் மனைவி மலர்விழியைத் தவிர வேறு யாரும் இதை நம்பமாட்டார்கள். அந்த ஒன்பது பேரும் நூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் வாழைத்தோலில் வழுக்கியதைப் பற்றி ஒரு மணி நேரம் எழுதுகிறவர்கள். தொப்பி முதலில் கழன்றதா, கால் முதலில் தூக்கியதா என்று சண்டை போடுகிறவர்கள். அவர்களுக்கு விழுவது ஒரு கலை. சின்னதுரை விழுந்ததை அவர்கள் கொண்டாடினார்கள்.

'கையே ஊனல பாருங்க. பெரிய நடிகனுங்களுக்குத்தான் இப்படி வுழ வரும்' என்று எழுதினார் குழுவில் மூத்தவரான வெங்கடேசன். அந்த ஆர்வத்தில் அதைத் தன் மச்சானுக்கும் அனுப்பிவைத்தார். மச்சான் திருக்கோவிலூரில் யாருக்கோ அனுப்பினார். மூன்றாம் நாள் வடக்கனந்தல் டீக்கடையில் அது ஓடியது.

செய்தது யார் என்று ஊருக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது என்று செழியன் நம்பினான். அவர் அந்தப் படத்தைத் தன் போனில் திரும்பத் திரும்பப் பார்ப்பது மட்டும் அவனுக்குத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பார். அவன் உள்ளே வந்தால் போனைக் கவிழ்த்துவிடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை மலர்விழி அவனிடம் சொல்லியிருந்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள நீங்களே மாமாகிட்ட சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்லிடுவேன்."

அந்த அடுத்த ஞாயிறு இன்று.

*

காலையில் வாசலில் ஆம்னி வேன் நின்றது. மலைமேல் இருக்கும் கரியாலூர் சமுதாயக் கூடத்தில் அன்று படம் போடுவதாக ஏற்பாடு. புரொஜெக்டர், இரண்டு கம்பிகள், சுருட்டிய ஒரு பழைய பிளக்ஸ் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அந்த பிளக்ஸின் பின்பக்கம்தான் திரை. முன்பக்கத்தில் யாருடைய காதுகுத்துக்கோ வாழ்த்துச் சொல்லிக்கொண்டு பதினாறு பேர் கைகூப்பி நின்றார்கள்.

"நீயும் அவங்களோட போயிட்டு வா" என்றாள் ஆண்டாள், புருஷனிடம்.

சின்னதுரை டம்ளரை இடது கையில் பிடித்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வலது கை மடியில் துண்டுக்கு அடியில் இருந்தது.

"நான் எதுக்கு? வுழறவங்கள பாக்கவா?"

 செழியன் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த கம்பியை மறுபடி கட்டினான்.

"மல காத்து படட்டும். வூட்லயே குந்திக்கினு இருந்தா ஆவுமா?" என்றாள் ஆண்டாள். "போன்னா போ."

அவள் இப்படி ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொல்வது வழக்கமில்லை. சின்னதுரை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து சட்டையை எடுக்கப் போனார்.

ஆண்டாள் ஒரு மஞ்சள் பையை மருமகளிடம் கொடுத்தாள். "புளிசாதம் இருக்குது. பைய கையிலயே வச்சிக்க. வண்டியில வச்சிட்டுப் போயிடாத."

"சரி அத்த."

வண்டியில் ஏறிய பிறகு மலர்விழி பையைத் திறந்து பார்த்தாள். தூக்குவாளி இருந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் மாமாவின் ஆதார் அட்டையும் காப்பீட்டு அட்டையும். படம் பார்க்கப் போவதற்கு இவை எதற்கு என்று நினைத்தாள். அத்தை வேறு எதற்கோ எடுத்துவைத்து மறந்திருப்பாள் என்று பையை மூடினாள்.

கோமுகி அணையைத் தாண்டினார்கள். மலை ஏற ஆரம்பித்ததும் முன் சீட்டில் இருந்த சின்னதுரை கேட்டார்.

"அந்தப் படத்துல எல்லாரும் ஏன்டா அவ்ளோ வேகமா ஓடுறாங்க?"

எந்தப் படத்தில் என்று செழியன் கேட்கவில்லை. ஆனால் இது அவனுக்குப் பிடித்த கேள்வி. எத்தனையோ பேரிடம் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறான்.

"அவங்க வேகமா ஓடலப்பா. அப்ப கேமராவ கையால சுத்துனாங்க. நொடிக்குப் பதினாறு, பதினெட்டு படம்தான் வுழும். இப்ப இருக்கிற வேகத்துல போட்டா எல்லாம் துள்ளிக் குதிக்கும். ஜனங்க அதான் காமெடின்னு நெனச்சிக்கினு இருக்காங்க. நாங்க வேகத்த கம்மி பண்ணித்தான் போடுவோம். அப்பதான் நடிகனோட ஒடம்பு இன்னா செய்யுதுன்னு தெரியும்."

"ஓ."

இரண்டு கொண்டை ஊசி வளைவுகள் போயின.

"அப்ப, வேகமா ஓடவுட்டா ஒடம்பு இன்னா செய்யுதுன்னு தெரியாது."

"தெரியாதுப்பா."

செழியன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். மலர்விழி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல இது நல்ல இடம். அவன் வாயைத் திறந்தான். எதிரே தேன்வாழைத் தார் ஏற்றிய மினி லாரி வந்தது. ஒதுங்கி வழிவிட்டான். அதற்குப் பிறகு சொல்ல முடியவில்லை.

*

கரியாலூரில் தமிழழகன் காத்திருந்தான். நில அளவை வேலைக்காக மலையில் அறை எடுத்துத் தங்கியிருப்பவன். குழுவில் ஒருவன். சமுதாயக் கூடத்து ஜன்னல்களைத் தார்ப்பாயால் மூடி வைத்திருந்தான்.

சின்னதுரை வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. "வாங்க சார்" என்றான். படத்தில் நூறு தடவை பார்த்துவிட்ட ஒரு நடிகர் நேரில் வந்ததுபோல் இருந்தது அவன் பார்வை. செழியன் அவன் காலை மிதித்தான்.

நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். மிளகு பறிக்கிறவர்கள், மரவள்ளி போட்டிருப்பவர்கள், காலையில் வேலை இல்லாதவர்கள். சின்னதுரை கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்தார். ஸ்டூலில் இல்லை, தரையில்.

"பாட்டு வைக்கலாமா?" என்றான் தமிழழகன்.

"வேணாம். அவங்க சிரிக்கிறதே போதும்" என்றான் செழியன்.

ஒவ்வொரு தடவையும் இருவரும் இதையே பேசுவார்கள்.

முதல் படம் ஓடியது. ஒருவன் ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்க வருகிறான். வீட்டுக்காரரின் குழந்தை தொட்டிலில் தூங்குகிறது. சத்தம் வந்தால் கூலி கிடையாது. ஏணியைச் சுமந்துகொண்டு அவன் பூனை நடை நடக்கிறான். ஏணியின் முன்பகுதி கடிகாரத்துக்கு ஒரு விரல் தூரத்தில் நிற்கிறது. அவன் மூச்சை விடுகிறான். பின்பகுதி அலமாரியைத் தள்ளுகிறது. பன்னிரண்டு பாத்திரங்கள் விழ, பன்னிரண்டையும் காலால், தாடையால், முழங்காலால் பிடிக்கிறான்.

சத்தமே இல்லாத படத்தில் சத்தம் வந்துவிடக் கூடாதே என்று கூடத்தில் இருந்தவர்களும் மூச்சைப் பிடித்தார்கள். "டேய், பின்னாடி பாருடா" என்றார் ஒருவர் திரையைப் பார்த்து. அடுத்தவர் அவரை, "சத்தம் போடாத, கொழந்த எழுந்துடும்" என்று அடக்கினார். பிறகு கூடமே குலுங்கியது.

செழியனுக்கு இதற்காகத்தான் இத்தனையும். நூறு வருஷத்துக்கு முந்தைய ஓர் உடம்பு இன்றைக்கும் ஓர் அறையைச் சிரிக்கவைக்கிறது. மொழி வேண்டாம், காரணம் வேண்டாம். அவன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்து, கணக்குப் போடுகிறவரைப் போல் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் வெள்ளையடிப்பவன் முக்காலியின் மேல் ஏறுகிறான். முக்காலியின் கால் முறிகிறது. சுண்ணாம்பு வாளியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி முதுகு தரையில் அடிக்க விழுகிறான். ஒரு சொட்டு சிந்தவில்லை.

கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் கைதட்டவில்லை. ராணியம்மாள் என்று பெயர். புளி உலுக்கவும் தேன் எடுக்கவும் மரம் ஏறுகிற குடும்பம்.

"கை ஊனாம வுழறான் பாரு" என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். "பழகுனவன்."

"கையிலதான் வாளி இருக்குதே, எப்படி ஊனுவான்?"

"வாளியப் போட்டுட்டுக் கை தானா வந்துடும்டி. யாரா இருந்தாலும் வந்துடும். எத்தினி பேரு மரத்துலேர்ந்து வுழுந்து பாத்திருக்கறேன். பழகுனவன் கை வராது. இல்லன்னா சீக்குல வுழறவன் கை வராது. எங்க சித்தப்பன் அப்படித்தான் வாதம் வந்து வுழுந்தாரு, ஏணியில ஏறாமலே."

அவள் சாதாரணமாகச் சொன்னாள். அடுத்த படத்துக்காகக் காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்தாள்.

புரொஜெக்டர் பக்கத்தில் நின்ற செழியனுக்கு அது கேட்டது. அவன் அடுத்த படத்தைத் தொடங்கினான். ரிமோட்டைத் தமிழழகன் கையில் கொடுத்தான்.

"கொஞ்சம் பாத்துக்க. வந்துடறேன்."

*

வெளியே பலா மரத்தடியில் நின்று செழியன் போனை எடுத்தான். கறுப்பு வெள்ளைப் படத்தைத் திறக்கவில்லை. அதற்கு முந்தையதை, கலரில் இருந்த அசலைத் தேடி எடுத்தான். கறுப்பு வெள்ளையைச் செய்து முடித்த நாளிலிருந்து அவன் அசலைப் பார்த்ததே இல்லை.

மலர்விழி பின்னாலேயே வந்தாள். "இன்னாங்க?"

"பாரு."

விரலால் தள்ளித் தள்ளி, ஒவ்வொரு படமாக நகர்த்தினான். மாலையோடு அப்பா. நாற்காலியின் முன் நிற்கிறார். உட்காரக் குனிகிறார். வலது தோள் இறங்குகிறது. இன்னும் இறங்குகிறது. இடது கை மட்டும் மேலே வந்து காற்றைப் பிடிக்கிறது. வலது கை தொங்குகிறது. அதில் கேடயம் இல்லை, பொன்னாடை இல்லை. காலியான கை.

"சேர் எப்ப ஒடையுது?" என்றாள் மலர்விழி.

அவன் இன்னும் நகர்த்தினான். அப்பாவின் உடம்பு பாதி சாய்ந்துவிட்டது. நாற்காலியின் நான்கு கால்களும் நேராக இருந்தன. இன்னும் மூன்று படம் தள்ளிய பிறகுதான் அவருடைய எடையில் ஒரு கால் மடங்கியது.

"வுழுந்த அப்பறம்தான் ஒடையுது" என்றான்.

 கூடத்துக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"வண்டி எடுக்கறதே இல்ல" என்றாள் மலர்விழி மெதுவாக. "ஆக்சிலேட்டர் வலது கையில இருக்குது." பிறகு, "டீ இடது கையில குடிக்கிறாரு. நாம யாரும் பாக்கல."

அவளுக்குப் பை ஞாபகம் வந்தது. திறந்து அந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து அவனிடம் காட்டினாள். அவன் காப்பீட்டு அட்டையைப் பார்த்தான்.

"அம்மாவா வச்சிது?"

"ம்."

கூடத்து வாசலில் சின்னதுரை வந்து நின்றார். துண்டு வலது கையின் மேல் கிடந்தது. அவர்களைப் பார்த்தார். மலர்விழி கையில் இருந்த அட்டையையும் பார்த்தார். திரும்பி உள்ளே போகவில்லை. மெல்ல நடந்து வந்தார்.

இதை எப்படிச் சொல்வது என்று செழியன் ஒரு வாரமாக மனதில் வாக்கியங்களை எழுதி எழுதி அடித்திருந்தான். அந்த வாக்கியங்களில் எதுவும் இப்போது வரவில்லை.

"அப்பா, அந்தப் படத்த செஞ்சது நான்தான்."

"தெரியும்."

"யாரு சொன்னாங்க?"

"எவன் சொல்லணும்? எழுத்தச் சுத்தி மாங்கா, பூ எல்லாம் போட்டிருக்கியே. உங்க கல்யாணப் பத்திரிகையில போட்ட டிசைன் அது. ஆயிரம் பத்திரிகைக்கு நான்தான்டா மஞ்சா தடவுனேன்."

செழியன் தலை நிமிரவில்லை.

"பாத்த மொத நாளே தெரியும்" என்றார் சின்னதுரை. "நல்லாத்தான் செஞ்சிருக்க. 'நாற்காலிக்குச் சம்மதம் இல்லை'ன்னு போட்டிருந்த பாரு, அதுக்கு எனக்கே சிரிப்பு வந்துடுச்சி. ஆனா வேகமா ஓடவுட்டுட்ட. நாப்பது வாட்டி பாத்தேன். கை தெரியல."

அவர் இடது கையை நீட்டினார்.

"அசல் வச்சிருக்கியா?"

செழியன் போனைக் கொடுத்தான். அதை அவர் இத்தனை நாளாகக் கேட்க நினைத்திருக்கிறார். கேட்டால், செய்தது மகன் என்று தெரிந்துகொண்டதையும் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை. இவன் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இத்தனை நாள்.

சின்னதுரை பார்த்தார். மலர்விழி பக்கத்தில் நின்று படத்தை நகர்த்திக் கொடுத்தாள். வலது தோள் இறங்கும் இடம் வந்ததும், "அங்க நிறுத்து மா" என்றார்.

நின்ற படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஆமா. வரல" என்றார்.

"இப்ப எப்படி இருக்குது மாமா?"

"பாதி வந்துருக்குது. சோறு பெசைய வருது. பட்டன் போட வரல. உங்க அத்ததான் போட்டு வுடறா."

"ஏம்பா சொல்லல?" என்றான் செழியன்.

"வெட்டு முடியட்டும்னு பாத்தேன்." கொஞ்சம் பொறுத்து, அவரே சொன்னார். "வுழுந்தான்னு சிரிச்சா, சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. கை வரலன்னு தெரிஞ்சா பாவம்னுவாங்க. காட்டுக்கு வந்து பாவம்னுவாங்க. உன் படம் ஒருவிதத்துல எனக்கு ஒத்தாசைதான். சேரு ஒடஞ்சிதுன்னு ஊரே நம்பிடுச்சி."

"அத்தைக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்றாள் மலர்விழி.

"அவகிட்ட எத மறைக்க முடியும்? யாரண்டயும் சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சி சத்தியம் வாங்குனேன்." அவர் மலர்விழியின் கையில் இருந்த அட்டையை மறுபடி பார்த்தார். "சொல்லலதான். வாயத் தொறக்கல."

செழியன் வண்டிச் சாவியை எடுத்தான்.

"ஏறுப்பா. கள்ளக்குறிச்சிக்குப் போலாம்."

"படம் ஓடுதேடா."

"தமிழு பாத்துக்குவான்."

"அந்த ரெண்டாவது படத்துல கெழவன் குதிர வண்டியப் புடிச்சானா இல்லியா?"

"அப்பறமா போட்டுக் காட்டறேன். ஏறு."

"மெதுவா போடுவியா?"

"மெதுவாத்தான் போடுவேன்."

சின்னதுரை கதவின் கைப்பிடியை வலது கையால் பிடித்தார். விரல்கள் சுற்றிக்கொண்டன. இழுக்க முடியவில்லை. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பார்க்கட்டும் என்று அவரும் இரண்டாம் தடவை முயன்று பார்த்தார். பிறகு செழியன் திறந்துவிட்டான்.

*

கீழே இறங்கும்போது பாதி மலையில்தான் சிக்னல் வந்தது. உடனே மலர்விழியின் போன் அடித்தது. ஆண்டாள்.

"அத்த."

அந்தப் பக்கம் பேச்சு இல்லை. மாடு ஒன்று கத்துவது மட்டும் கேட்டது. 

"பையில இருந்த கார்ட பாத்துட்டோம் அத்த. மாமாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறோம். அவரே ஒத்துக்கினாரு."

ஒரு நீண்ட மூச்சு கேட்டது. அழுகிறாளோ என்று தோன்றியது. ஆனால் குரல் வந்தபோது அதில் அழுகை இல்லை.

"கார்டு மட்டுந்தான் பாத்தியா?"

 மலர்விழி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பைக்குள் கையை விட்டாள். தூக்குவாளிக்கு அடியில், நான்காக மடித்த ஒரு துணி இருந்தது. அதற்குள் காகிதம் மொடமொடத்தது.

நிமிர்ந்து பார்த்தாள். முன் சீட்டில் மாமா கண்ணை மூடியிருந்தார். வலது கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்திருந்தார்.

"அவரு கண்ணுல படாம படி" என்றாள் ஆண்டாள். போனை வைத்துவிட்டாள்.